விடிய விடிய ஒரு பாடம்

தாத்தா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் வீட்டில் கூத்து விட்டார்கள். கர்ண மோட்சம். ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம். அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த கொல்லையில் இரண்டு பெஞ்சு போட்டு, ஜமா என்று சொல்கிற கூத்துக் குழுவை உட்கார வைத்திருந்தார்கள். எதிரே தரையில் பாய் விரித்து நாங்கள். எனக்கு அப்போது 9 வயது. பாதி ராத்திரிக்கு மேல் தூங்கிப் போய்விட்டேன். விடிகிற நேரத்தில் அத்தை உலுக்கி எழுப்பினாள். "எழுந்துருடா, கர்ணன் சாவப் போறான்."

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கிரீடமும் புஜக்கட்டையுமாக ஓர் ஆள் தரையில் சாய்ந்து கிடந்தார். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, புடவை கட்டிய இன்னோர் ஆள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். குந்தி. முகவீணை அந்தக் குரலோடு சேர்ந்து இழுத்தது. பக்கத்தில் திரும்பினால் அத்தை அழுகிறாள். தாத்தா போன நாளிலிருந்து வந்தவர்களுக்குச் சோறு போடுவதும் பாத்திரம் கழுவுவதுமாக ஓடிக்கொண்டிருந்தவள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்த விடியலில் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

சில வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கர்ணன் மறுபடி வந்தான். கேள்வியாக வந்தான். அவனுடைய கொடைத்திறத்தை விளக்கச் சொன்னார்கள். கவச குண்டலத்தைக் கொடுத்தான், புண்ணியத்தைக் கொடுத்தான் என்று எழுதினேன். முழு மதிப்பெண். அத்தை ஏன் அழுதாள் என்பதற்கு அந்த விடைத்தாளில் இடம் இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த இடத்தைப் பற்றியதுதான். ஒரு சோக நாடகத்தைப் பிள்ளைகள் எப்படிப் படிக்க வேண்டும்? எதைச் செய்தால் அது அவர்கள் உடம்புக்குள் இறங்கும்?

சாயங்காலம் 7 மணிக்கு மேல் ஆரணியில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் போய் நின்று பாருங்கள். சார்ட் பேப்பர், தெர்மாகோல், மினுமினுப்புப் பேனா, பிரிண்ட் எடுத்த படங்கள். "நாளைக்கு பிராஜெக்ட் சப்மிட் பண்ணணும்" என்று பிள்ளை அவசரப்படுத்த, அப்பா பணத்தை எடுக்கிறார், அம்மா ராத்திரி 11 மணி வரை வெட்டி ஒட்டுகிறாள். மறுநாள் அது ஆசிரியர் அறையில் ஒரு மூலையில் அடுக்கப்படுகிறது. யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தையும் முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு அதுதான் எளிய வழி. ஆனால் ஒட்டிய படத்துக்குப் பின்னால் இருக்கிற கதை அந்தப் பிள்ளையைத் தொடாமலே போய்விடுகிறது. அதுதான் உறுத்துகிறது.

இத்தனைக்கும் நாம் இருக்கும் இடம் சாதாரண இடமா? திருவண்ணாமலை மாவட்டத்தின் இந்தப் பக்கம் முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்கள். சித்திரை தொடங்கினால் ஆடி வரைக்கும் எங்காவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். பகலில் பாரதக் கொட்டகையில் பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவார்கள். கடைசியில் படுகளம். மண்ணால் பெரிய துரியோதனனைப் படுக்க வைத்து, அவன் தொடையைப் பிளந்து, திரௌபதி கூந்தல் முடிந்த பிறகு சாயங்காலம் தீமிதி. ஒரு ஊரே சேர்ந்து ஒரு மாபெரும் சோகக் கதையைப் பல நாள் வாழ்ந்து பார்க்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் 'நிகழ்கலை' என்று ஒரு பாடம் இருக்கிறது. கரகம், ஒயில், தேவராட்டம் எல்லாவற்றோடும் தெருக்கூத்தும் அதில் உண்டு. ஆரணிப் பிள்ளை அதை மனப்பாடம் செய்கிறது. அந்த வாரமே அதன் பாட்டி ஊரில் கூத்து நடந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

போன மே மாத விடுமுறையில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு முயற்சி செய்து பார்த்தேன். எங்கள் தெருப் பிள்ளைகள் 11 பேர். ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. பாதிப் பேர் தறி இருக்கிற வீட்டிலிருந்து வந்தவர்கள். கையில் ஒரே ஒரு நாடகம், கர்ண மோட்சம்.

நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புகழேந்திப் புலவர் பேரில் வழங்குவது இது. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்றவர்கள் அச்சடித்த மலிவுப் பதிப்புகளாகத் திருவிழாக் கடைகளில் விற்ற வகைப் புத்தகம். கூத்தாடுகிறவர்கள் அதை அப்படியே ஆடுவதில்லை. வாத்தியாரிடம் காதால் கேட்ட பாடம்தான் அவர்களுக்குப் பெரிது. ஹன்னா டி ப்ரூயின் என்ற டச்சு ஆய்வாளர் இந்த நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1998-ல் அதை வெளியிட்டது. நம் ஊரில் துக்க வீட்டில் ஆடுகிற நாடகத்தை உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள்.

கதை பதினேழாம் நாள் போரைச் சுற்றியது. பீஷ்மரும் துரோணரும் விழுந்தாயிற்று. கர்ணன்தான் சேனாதிபதி. சல்லியன் தேரோட்ட வேண்டும். அவன் தேரோட்டிக்குத் தேரோட்டுவதா என்று முறைக்கிறான். சாகப் போகிறோம் என்று கர்ணனுக்குத் தெரியும். போருக்குப் போகும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவளோ இத்தனை காலமும் அவன் பிறப்பைச் சொல்லி அவனை ஒதுக்கியவள். கூத்தில் எல்லோரும் காத்திருக்கிற கட்டம் இதுதான். போர்க்களத்தை விட இந்த வாசற்படிச் சண்டைக்குத்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அவன் உண்மையைச் சொல்கிறான், அவள் உடைகிறாள், அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. பிறகு களம். தேர்ச்சக்கரம் புதைகிறது. கண்ணன் கிழப் பிராமணனாக வந்து அவன் புண்ணியம் அத்தனையையும் யாசகம் வாங்குகிறான். குந்தி வந்து மகனே என்று விழுகிறாள்.

வில்லிபுத்தூரார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடிய பாரதத்திலும் கர்ணன் விழும் இடம் நெஞ்சை அடைப்பதுதான். ஆனால் இப்படி ஒரு பொன்னுருவியை மேடைக்கு நடுவில் நிறுத்தியது கூத்து. 1964 பொங்கலுக்கு வந்த பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' படத்தில் தேவிகா நடித்த மனைவிக்குப் பெயர் சுபாங்கி. படத்தையும் கூத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு மனைவிகளும் கணவனிடம் என்ன கேட்கிறார்கள் என்று எழுதச் சொன்னால் அதுவே ஒரு வாரத்துக்கான வேலை. எங்கள் திண்ணையில் ஒரு பெண் எழுதினாள்: "சுபாங்கி அவரைப் போக வேண்டாம்னு அழுவாங்க. பொன்னுருவி நீ யாருன்னு கேப்பாங்க."

முதல் நாள் நான் கொடுத்த வேலை தறி வேலைதான்.

ஓர் அட்டையை எடுத்து இரண்டு ஓரத்திலும் பல் பல்லாக வெட்டச் சொன்னேன். வீட்டில் கழித்துப் போட்ட பட்டு நூலைக் கொண்டுவரச் சொன்னேன். கர்ணனுக்குப் பாவு எது, ஊடை எது, அதுதான் கேள்வி. பாவு என்பது நெய்ய ஆரம்பிக்கும் முன்பே நீட்டி, அச்சில் ஏற்றி, பிணைத்து முடிந்துவிடுவது. நெய்கிறவர் அதை மாற்ற முடியாது. ஊடை அப்படியில்லை. ஒவ்வொரு முறை நாடா ஓடும்போதும் எந்த நிறம் என்று கை முடிவு செய்யலாம். கர்ணன் வாழ்க்கையில் அவன் கைக்கு முன்னாலேயே நீட்டப்பட்டவை எவை? அவனாக ஓட்டிய நூல்கள் எவை?

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றில் விட்டது பாவு. தேரோட்டி வீட்டில் வளர்ந்தது பாவு. கவச குண்டலம் பாவு. பரசுராமரிடம் பொய் சொல்லி வில் கற்றது ஊடை, அதற்கு அவர் கொடுத்த சாபம் என்ன? அங்கே ஆரம்பித்தது சண்டை. சாபம் தானாக வந்ததா, இவன் பொய் சொன்னதால் வந்ததா? துரியோதனன் கொடுத்த அங்க நாட்டை முதலில் எல்லோரும் பாவில் வைத்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் குடுத்தாரு சரி. வாங்கிக்கிட்டது யாரு?" என்றாள். ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் அங்க நாட்டுக்கு வைத்த சிவப்பு நூலைப் பாவிலிருந்து அறுத்து எடுத்து நாடாவில் சுற்றினார்கள்.

அப்புறம் நடந்தது நான் எதிர்பார்க்காதது. பாதித் துணி நெய்து முடித்திருந்தார்கள். தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் நடுவில் இருந்த மஞ்சள் பாவு நூலைப் பிடித்து மெல்ல உருவ ஆரம்பித்தான். மற்றவர்கள் கத்தினார்கள். "கவசத்தை இந்திரனுக்குக் குடுத்துட்டான் இல்ல?" என்றான் அவன். முழுவதும் உருவியதும் துணியின் நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு விழுந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தக் கோடு வழியே எதிர் வீட்டுச் சுவர் தெரிந்தது. பாவு நூல் ஒன்று அறுந்தால் சேலையில் அப்படித்தான் கோடு விழும், அதைப் பார்த்துத்தான் கூலியில் பிடிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். இனி அம்பு எங்கே நுழையும் என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது வேலை கட்டியக்காரன். கூத்து பார்த்தவர்களுக்கு இவனைத் தெரியும். ராஜாவை வரவேற்பான், வழி சொல்வான், சபைக்கும் வேஷத்துக்கும் நடுவில் நின்று யாரையும் எதையும் கேட்பான். தேவலோகத்து ஆளிடம் ஆரணி பஸ் ஸ்டாண்டைப் பற்றிப் பேச அவனுக்கு உரிமை உண்டு. ஒரு பாத்திரத்தை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் முறையை மேல்நாட்டு நாடக வகுப்புகளில் ஒரு பயிற்சியாகச் செய்கிறார்கள். நம் கூத்துக் களரியில் அது எப்போதிருந்தோ இருக்கிறது. கர்ணன் தரையில் விழுகிற தருணத்தில் நாடகத்தை நிறுத்தி, கட்டியக்காரனை அனுப்பினோம். நிபந்தனை ஒன்றுதான். நம் பேச்சில் கேட்க வேண்டும், கேட்டதற்குக் கர்ணன் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

"ஏம்பா, அம்மான்னு தெரிஞ்சுபோச்சு, தம்பிங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறமும் எதுக்கு இந்தப் பக்கமே நிக்கிற?"

கர்ணனாக நின்ற பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "எனக்காக வரலியே. சண்டைன்னு ஆனதும்தான வந்தாங்க."

திண்ணை அமைதியானது. குந்தியாக இருந்த பெண் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். தேர்வில் எந்தக் கேள்வியும் அந்தப் பதிலை அவனிடமிருந்து வாங்கியிருக்காது.

அங்கேயிருந்துதான் கிரேக்கத்துக்குப் போனேன். சோபோக்ளிஸ் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய ஈடிபஸ் கதையைச் சொன்னேன். அவனும் பிறந்ததுமே பெற்றவர்களால் கைவிடப்பட்டவன், வேறு வீட்டில் வளர்ந்தவன். தன் பிறப்பைத் தேடித் தேடிப் போகிறான், தெரிந்த நிமிடத்தில் அழிகிறான். கர்ணனுக்கு உண்மை முன்பே தெரிந்துவிடுகிறது. கண்ணன் சொல்கிறான், குந்தியே வந்து சொல்கிறாள். அவன் நினைத்தால் பக்கம் மாறி மூத்த பாண்டவனாக மகுடம் சூடியிருக்கலாம். தெரிந்தும் அவன் நகரவில்லை. ஒருவனைத் தெரியாமை கொன்றது, இன்னொருவன் தெரிந்தே சாவை நோக்கி நடந்தான். எது அதிகத் துயரம் என்று கேட்டேன். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நான் இன்னும் ஒரு பக்கமும் சாயவில்லை.

மூன்றாவது வேலையில் நான் தடுமாறினேன். பொன்னுருவி கட்டம். தேரோட்டி மகன் என்று அவள் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று திண்ணையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யார் வீட்டுக்குள் யார் வரலாம், யார் டம்ளரில் யார் குடிக்கலாம் என்பதை நம் பிள்ளைகள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. வசனம் சூடேறியபோது கர்ணனாக இருந்தவன் "போதும் சார்" என்றான். நிறுத்திவிட்டேன். அன்று அதற்கு மேல் ஆடவில்லை. மறுநாள் சேர்ந்து சில விதிகள் வைத்துக்கொண்டோம். பொன்னுருவி வேஷத்தை எல்லோரும், பையன்களும்தான், மாறி மாறி எடுக்க வேண்டும். நாடகத்தில் இல்லாத எந்தச் சொல்லும் வாயில் வரக்கூடாது. ஆடி முடித்ததும் முகம் கழுவி, ஒருவரையொருவர் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூத்தாடிகள் அரிதாரம் கலைக்க எடுத்துக்கொள்கிற நேரத்துக்கு எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் இதைச் செய்து பார்க்க நினைக்கிற ஆசிரியர்கள் இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. மற்ற வேலையெல்லாம் தப்பானால் சார்ட் பேப்பர்தான் வீண். இது தப்பானால் ஒரு பிள்ளை காயப்படும்.

திண்ணையை விட்டு வெளியே பார்த்தால், மாணவர்களும் கூத்தும் சேர்ந்து ஒரு மொழியின் நாடகப் போக்கையே திருப்பிய கதை ஒன்று நம்மிடம் உண்டு. அது நடந்தது இலங்கையில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பின் கூத்து வாத்தியார்களான அண்ணாவிமாரின் கூத்தைத் தன் மாணவர்களுக்குப் பழக்கினார். வட்டக்களரியில் விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962-ல் அவர்கள் போட்டது 'கர்ணன் போர்'. ஆமாம், அங்கேயும் கர்ணன்தான். 1964-ல் 'இராவணேசன்'. அதில் இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. இராவணன் அதில் வெறும் அரக்கன் இல்லை. மண்டோதரி தடுத்தும் கேளாமல், தன் குணத்தாலேயே தன் முடிவை நோக்கிப் போகிற வீரன். பல ஆண்டுகள் கழித்து, தானே பேராசிரியரான மௌனகுரு அதே நாடகத்தை மட்டக்களப்பில் தன் மாணவர்களை வைத்து மறுபடி மேடையேற்றினார். ஒரு மாணவனுக்குக் கொடுத்த வேலை அவன் ஆயுள் முழுக்க அவனோடு வந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில், 10 வயதிலேயே வேஷம் கட்டத் தொடங்கிய பெ. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் சார்பில் 2002-ல் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். காலையில் அடவும் பாட்டும், பிறகு பள்ளிப் படிப்பு. கூத்துக்குப் போனால் படிப்பு போகும், படிக்கப் போனால் கூத்து போகும் என்ற நிலையை மாற்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆண்களே பெண் வேஷமும் கட்டி வந்த கலையில் பெண் பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய கட்டை வேஷம் போட்டு ராஜாவாக வந்து நின்றார்கள். 2020-ல் குருகுலம் மூடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே பழகிய பெண்கள் பிறகும் ஆடுகிறார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

செய்யாறு வட்டத்துப் புரிசை ஆரணிக்குத் தூரமில்லை. கூத்தாடுகிற அந்த ஊர்த் தம்பிரான் பரம்பரையை அறியாதவர்கள் நாடக உலகில் இல்லை. நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துத்தான் எழுத்தாளர் ந. முத்துசாமி நாடகம் என்றால் என்ன என்று புதிதாக யோசிக்க ஆரம்பித்தார். 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். கண்ணப்பத் தம்பிரான் அதன் நடிகர்களுக்குக் கூத்துப் பழக்கினார். சென்னையில் படித்த நடிகர்கள் எங்கள் பக்கத்து ஊர்க்காரரிடம் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒரு முறையாவது அப்படி உட்கார வேண்டாமா?

செல்போனில் படம் எடுக்க விரும்புகிற பிள்ளைகளுக்கு 'கர்ண மோட்சம்' என்ற குறும்படத்தைக் காட்டலாம். எஸ். ராமகிருஷ்ணனின் எழுத்தில், திரைப்படக் கல்லூரி மாணவராக இருந்த முரளி மனோகர் இயக்கியது. பள்ளிக்கூடத்தில் கர்ணனாக ஆடுவதற்குச் சென்னைக்கு வருகிற கூத்துக் கலைஞர் ஒருவருக்கு, நிகழ்ச்சி இல்லை என்ற செய்தி காத்திருக்கிறது. கையில் காசில்லாமல் நிற்கிறவரிடம், கடையில் வேலை பார்க்கிற ஒரு சிறுமி கூத்து கற்றுக்கொடுக்கும்படி கேட்கிறாள். கர்ணன் கொடுக்கிறான். அதுவே ஒரு மாணவர் செய்த வேலைதான் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் கண் விரிந்ததைப் பார்த்தேன்.

2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல விஷயம். பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். ஆனால் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நேரம் எண்ணுகிற போட்டி மேடையில் சோகம் ஊறாது. அது ஊற இரவு வேண்டும். முடியாவிட்டால் ஒரு மாதமாவது வேண்டும். ஒரு பள்ளி ஒரு கல்வியாண்டுக்கு ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்ளட்டும். சுற்று வட்டாரத்து ஜமாவிலிருந்து ஒரு வாத்தியாரை வாரம் ஒரு நாள் அழைக்கட்டும். அவருக்குச் சால்வை வேண்டாம், சம்பளம் கொடுங்கள். பெரிய அதிகாரி வருகிறார் என்று கூத்துக்காரரைக் கூப்பிட்டு, வெயிலில் நிற்கவைத்து, கிரீடத்தோடு வாசலில் பூச்செண்டு கொடுக்கச் செய்கிற காட்சியை நான் பார்த்திருக்கிறேன். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்த அந்தக் கட்டையை விடிய விடியத் தலையிலும் தோளிலும் சுமந்து சுழல்கிறவர் அவர். அவரிடம் பிள்ளைகள் கற்க வேண்டியது வரவேற்பு இல்லை.

கிரீடம் செய்வதே ஒரு பாடம். திண்ணையில் நாங்கள் அட்டையில் செய்தோம். பக்கத்து ஊர்க் கூத்துக்காரர் ஒருவர் தன் பெட்டியைத் திறந்து உண்மையான கட்டையை ஒரு பையனுக்குக் கட்டிவிட்டார். அவர் இறுக்கிக் கட்டியதில் அவன் நெஞ்சு நிமிர்ந்தது, கழுத்துத் திரும்பவில்லை, நடை மாறிவிட்டது. "இதோட சக்கரத்தைத் தூக்க எப்படிக் குனியறது?" என்று கேட்டான். வாத்தியார் சிரித்துவிட்டு, "அதான்டா கர்ணன்" என்றார்.

கடைசி வேலை வீட்டுக்குக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் கர்ண மோட்சத்தைச் சாவு வீட்டுக் காரியத்தில் ஆடுவது வழக்கம். கர்ணனுக்குக் கிடைத்த மோட்சம் போனவருக்கும் கிடைக்கட்டும் என்ற நம்பிக்கை. ஆகவே ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வர வேண்டும்: நம் குடும்பத்தில் யாருக்குக் கர்ண மோட்சம் விட்டார்கள்? எங்கே? அன்று என்ன நடந்தது? செல்போனில் பதிவு செய்யலாம், நோட்டில் எழுதலாம்.

வந்தவை எல்லாம் நான் எதிர்பார்த்ததை விடப் பெரியவை. ஒரு பாட்டி, தன் மாமியாருக்குக் கூத்து விட ஜோடிக் கம்மலை அடகு வைத்ததைச் சொல்லியிருந்தாள். ஒரு தாத்தா, வேஷக்காரர் வராமல் போனதால் தன் அப்பாவே பொன்னுருவி கட்டிய கதையைச் சொல்லியிருந்தார். ஒருத்தி கொண்டுவந்த பக்கத்தில் ஒரே வரி: "எங்க வீட்ல விடல. கூப்பிட்டா அந்தத் தெருவுக்கு ஜமா வரமாட்டாங்கன்னு ஆயா சொன்னாங்க." அதை அவள் சத்தமாகப் படித்து முடித்தபோது, பொன்னுருவியைப் பற்றி நாங்கள் அதுவரை பேசியது எல்லாம் திரும்ப வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. தறி வீட்டுப் பையன்தான் எழுந்து, கோடு விழுந்த அந்த அட்டைத் துணியை எடுத்து அவள் நோட்டின் மேல் வைத்தான்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலையை நானும் செய்தாக வேண்டும் இல்லையா? அத்தையைப் போய்ப் பார்த்தேன். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டாள். இன்னமும் பாவு பிணைக்கிறாள். கண் மங்கினாலும் விரல் இழையைக் கண்டுபிடித்துவிடுகிறது. அவள் எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு ஏன் அழுதாய் என்று கேட்டேன். இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கியபடியே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"குந்தி வேஷக்காரன் தலையைத் தூக்கி மடியில வச்சான் பாரு, அப்ப காது மேல கைய வச்சு மூடினான். எங்கப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப வண்டியில நான் அப்படித்தான் பிடிச்சிட்டிருந்தேன். காத்து அடிக்குதுன்னு."

அடுத்த இழையை எடுத்தாள். பிள்ளைகள் கூத்து போடுகிறார்களா என்று கேட்டாள். ஆடி மாதம் ஒரு நாள் தெருவிலேயே போடலாம் என்று இருக்கிறோம் என்றேன்.

"ராத்திரில வையி. பகல்ல எனக்கு வேலை இருக்குது."